சாவி யாரிடம்?

“பெரிய இடத்தில் ஒப்படைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை” என்பார் உளர். வெறும் மயக்கம்! 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பற்றியது. அரசு ஊழியர் சேமித்திருந்த 858 டெராபைட் கோப்புகள் அழிந்தன. வேற்றிடத்தில் படி இல்லை. அளவு மிகப் பெரிது என்பதே கூறப்பட்ட காரணம். பெரிதாயின் காக்க வேண்டாமோ?

சரி, படியை அயலிடத்தில் வைத்தோம் என்றே கொள்வோம். திறக்கும் சாவி யாரிடம்? சேமித்துத் தரும் நிறுவனமே சாவியையும் வைத்திருந்தால், அதன் ஊழியரும் படிக்கலாம். ஊடுருவும் திருடனும் படிக்கலாம். ஆசிரியப் பெருமக்களே, நம் மாணவரின் மதிப்பெண்ணும் குடும்ப நிலையும் அவ்வாறு அயலார் கண்ணில் படலாமோ? கோப்பு நம் கணினியைவிட்டு நீங்குமுன்பே மறையாக்கம் செய்யப்பட வேண்டும். சாவி நம்மிடமே இருத்தல் வேண்டும். அது தொலைந்தால் கோப்பும் தொலையுமே என்று அஞ்சுவோர், தாளில் எழுதி வேறொரு வீட்டு இரும்புப்பெட்டியில் வைக்கட்டும். கணினித் திரையோரம் ஒட்டிவைப்பதை மட்டும் விட்டொழிக்கட்டும்!