பழம்பொதியும் புதுப்பொதியும்

லினக்ஸ் வகையைச் சேர்ந்த டெபியன் என்னும் இயங்குதளம் 1993-ஆம் ஆண்டு இயன் மர்டாக் என்பவரால் தொடங்கப்பெற்றது. அதிலுள்ள பல்லாயிரம் மென்பொருட் பொதிகளைப் பெரும்பாலும் தொண்டர்களே பேணி வருகின்றனர். பேணுவோர் விலகிய பொதிக்கு 'அநாதை' என்றே பெயர். மனமுள்ள பிறிதொருவர் அதனைத் தத்தெடுப்பார். (நம் ரயில்வே கோப்புகளுக்கும் இவ்வழி இருப்பின் எத்துணை நலம்!)

பொதி பழையதாயிற்றே, புதுப்பிக்கலாகாதா என்று தொண்டர்களை அவசரப்படுத்துவோர் 2024-இல் நிகழ்ந்ததை அறிதல் வேண்டும். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்னும் மென்பொருளைத் தனியொருவர் பல்லாண்டுகள் பேணி வந்தார். அவர் சோர்ந்திருந்த வேளையில், வேகம் போதாதெனச் சிலர் நெருக்கினர். இது அறமன்று. உதவ வந்தவரோ, ஈராண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை ஈட்டி, 5.6.0, 5.6.1 ஆகிய புதுப் பதிப்புகளில் கள்ளவழியொன்றை ஒளித்துவைத்தார். அவை டெபியனின் சோதனைப் பிரிவினுள்ளும் புகுந்தன.

தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைகையில் அரை வினாடி தாமதமாவதைக் கண்டு துருவிய ஆந்திரேஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளரே மார்ச் மாதத்தில் அதனை வெளிப்படுத்தினார். நிலைப்பதிப்பை வைத்திருந்தோர் பழம்பொதியாலேயே தப்பினர். ஏனையோர்க்குத் தொண்டர்கள் பழைய 5.4.5-ஐ மீட்டளித்தனர். எண் குறைந்தாற் கணினி அதனைப் புதியதென ஏற்காதாகையால், 5.6.1 என்றெழுதி, அதன்பின் 'மெய்யாக 5.4.5' எனப் பொருள்படும் குறிப்பையும் சேர்த்தே அனுப்பினர்.