மீட்சிக்கு விலை உண்டு

குற்றாலத்தில் சாரல் விழுந்த ஒரு மாலை, தென்காசியில் நம் இல்லத்தில் மாணவர் சிலர், பகடை உருட்டிக் கதைமாந்தராய் ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடினர். ஆட்டம் பாதியில் வழக்காயிற்று. புண்பட்ட வீரன் ஓரிரவு உறங்கினால் இழந்த உயிர்ப்புள்ளிகள் அனைத்தும் மீளும் என்பது 2014-ஆம் ஆண்டுப் பதிப்பின் விதி. 1979-இல் வந்த வழிகாட்டி நூலிலோ ஒரு நாள் ஓய்வுக்கு ஒரு புள்ளியே. "படுத்துக் கிடக்கவா ஆட வந்தோம்?" என்றார் ஒருவர். தந்தையின் முறிந்த காலுக்கு மூன்று திங்கள் எண்ணெயிட்ட மற்றவரோ, "காயம் ஆறுவது அவ்வளவு எளிதா?" என்றார்.

சடுகுடுவிலும் இவ்வேறுபாடு உண்டு. காமினி முறையில் வெளியேறியவர், அணி முழுதும் வீழும்வரை மீளார். சஞ்சீவனி முறையில், எதிரணியில் ஒருவரை வீழ்த்தினால் நம்மவர் ஒருவர் மீள்வார். இன்றைய பன்னாட்டுப் போட்டிகளில் நிலைத்தது பின்னதே.

நம் துணிபு இது: நாள்களை எண்ணுவதால் வழக்குத் தீராது. சடுகுடுவில் தோழனை மீட்பது பாடிச் சென்றவரின் மூச்சு. உறக்கமோ எவரிடமும் எதையும் கேட்பதில்லை. ஒருவர் தம் உழைப்பைத் தந்து மற்றவரை மீட்கும் விதியே கதைக்கு அழகு. எண்ணெயிட்ட கை அதனை அறியும்.