குருத்தின் கணக்கு

பெருங்காற்றில் வீழ்ந்த தென்னையின் கொண்டையைப் பிளந்து, மட்டை மட்டையாக உரித்துக்கொண்டே போனால், பச்சை மங்கி மஞ்சளாகி, மஞ்சளும் வெளுத்து, கடைசியில் பிள்ளைகள் கைநீட்டிக் காத்திருக்கும் அந்த இனிப்பான குருத்து வெளிப்படும். எங்கள் கொல்லையில் அதைத் தின்ற பிள்ளைகளில் நானும் ஒருவன். ஆனால் அவ்வெண்மையின் நடுவே, மிகச் சிறிய ஒரு முனையில், ஓயாமல் பிரிந்து தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும் மூல உயிரணுக்கள் குடியிருக்கின்றன என்பதும், மட்டையும் பாளையும் அங்கிருந்தே ஜனிக்கின்றன என்பதும், வேறு முனை இல்லாமையால், காண்டாமிருக வண்டு அதுவரை குடைந்துவிட்டால் அவ்வளவு பெரிய விருட்சமும் மடிகிறது என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தன.

அம்முனை மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு மட்டை விடுகிறது. விடும்போது, முந்தைய மட்டையிலிருந்து சுமார் 140 பாகை திரும்பி விடுகிறது. இவ்வொழுங்கைக் கண்டவர்கள் எல்லாம் வித்திலேயே எழுதியிருக்கிறது என்று சொல்லி அமைந்துவிடுகிறார்கள். இந்த அபிப்பிராயத்தை நான் ஏற்பதற்கில்லை. ஒரே தோப்பில் சில மரங்கள் இடமாகவும் சில வலமாகவும் சுழல்கின்றன. இடஞ்சுழி மரத்தின் நெற்றை நட்டாலும் பிள்ளைகள் இருவிதமாகவும் வருகின்றன என்று, கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஆராய்ந்த டி. ஏ. டேவிஸ் 1962-இல் காட்டினார். சுழலும் திசை பரம்பரைச் சொத்தன்று.

பின் ஒழுங்கு எங்கிருந்து வருகிறது? முந்தைய இலைகளுக்கு நடுவே எங்கே இடம் அதிகமோ அங்கேதான் புதிய இலை அரும்புகிறது என்று ஜெர்மானியத் தாவர சாஸ்திரி ஹோஃப்மைஸ்டர் 1868-இலேயே சொன்னார். ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளை இளம் இலைகள் தம்பால் இழுத்துக்கொள்வதால் அருகில் அது வற்றிப்போகிறது. தொலைவில் அது தேங்கும் இடத்தில் அடுத்த இலை பிறக்கிறது. சுவிட்சர்லாந்தில், ஆக்சினின் போக்குவரத்தைத் தடுத்து, இலையே விடாமல் ஊசிபோல் நீண்ட தக்காளி முனையொன்றின் பக்கவாட்டில் அப்பொருளைத் துளி தடவியபோது, தடவிய இடத்திலேயே இலை கிளம்பிற்று. 2000-இல் வெளியான செய்தி இது. மரபணு கொடுப்பது இழுக்கும் சக்தியை. இடத்தைத் தீர்மானிப்பது அண்டை வீட்டார்.

நம் பள்ளிகளிலோ மாற்றிலையமைவு, எதிரிலையமைவு, வட்ட இலையமைவு என்று பெயர்களை மனனம் செய்விப்பதோடு பாடம் முடிகிறது. அது எனக்கு மெய்யான வருத்தம். ஆசிரியர் ஒரு நாள் மாணவர்களைத் தோப்புக்கு அழைத்துச் சென்று, நிமிர்ந்து பார்த்து, எந்த மரம் எப்பக்கம் சுழல்கிறது என்று எண்ணிக் குறிக்கச் சொல்லட்டும். ஏன் இரண்டு விதம் என்ற கேள்வியை அவர்களே கேட்பார்கள்.