வீட்டுக் கணனி தடுமாறினால்...



வீட்டில் ஒரு பொருள் பழுதாகப் போகிறது என்பதை முதலில் அறிகிறவர்கள் நீங்கள்தாம். குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் மாறினாலும், கேஸ் அடுப்பின் சுடர் மஞ்சளானாலும் உங்கள் கண்ணுக்கும் காதுக்கும் தப்பாது. கணனியும் அப்படியொரு வீட்டுப் பொருள்தான். ஆனால் அது தடுமாறும்போது மட்டும், "இது நமக்கு விளங்காத விஷயம்" என்று ஒதுங்கிவிடுகிறோம்.

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் வசிக்கும் சகோதரி ஒருவர் கேட்டார்: "மௌலவி, கணனியைப் போட்டால் வேலை செய்யத் தொடங்கப் பத்து நிமிடம் ஆகுது. டெஸ்க்டொப் திடீரென்று மறையுது, கொஞ்ச நேரத்தில் திரும்ப வருது. ஃபோமட் பண்ணினால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா?"

இது ஒரு வீட்டின் கேள்வியல்ல. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனா காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் படிப்புக்கென்று பல வீடுகளில் கணனி வாங்கினார்கள். பழையதை வாங்கியவர்களும் உண்டு. அவற்றுக்கெல்லாம் இப்போது வயதாகிவிட்டது. ஆகவே எல்லோருக்கும் பயன்படட்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன். நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கிற ஹக்கீமை நாம் நம்புவதில்லை. நோய் என்னவென்று அறியாமல் ஃபோமட் செய்வதும் அதைப் போன்றதே.

முதலில் உள்ளே இருப்பதைக் காப்பாற்றுங்கள்

டெஸ்க்டொப் என்பது ஏதோ தனியான, பாதுகாப்பான இடம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அங்கே நீங்கள் வைத்த படங்களும் பாடக் குறிப்புகளும் 'சி' டிரைவ் என்ற பகுதிக்குள்தான் இருக்கின்றன. ஃபோமட் செய்யும்போது அழிவதும் பெரும்பாலும் அந்தப் பகுதிதான். 'டி' டிரைவில் வைத்தால் ஃபோமட்டுக்குத் தப்பலாம். ஆனால் இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரு அறைகளாக இருந்தால், டிஸ்க் பழுதாகும் நாளில் இரண்டும் சேர்ந்தே போகும்.

எனவே வேறெதையும் தொடுவதற்கு முன், மகளின் உயர்தரப் பாடக் குறிப்புகள், குடும்பப் படங்கள், காணி உறுதியின் பிரதிகள் ஆகியவற்றை வெளியே உள்ள ஒரு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ பிரதி செய்யுங்கள். இரண்டு இடங்களில் வைத்தால் இன்னும் நல்லது. கணனிக்குள்ளிருந்து 'டிக், டிக்' என்ற சத்தம் கேட்டால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். அது ஹார்ட் டிஸ்க் தேய்ந்துவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம். அந்த நிலையில் நீண்ட நேரச் சோதனைகளை ஓடவிட்டால் இருப்பதும் போய்விடக்கூடும்.

விழுவது எது?

'கணனி விழுகிறது' என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் மூன்று வகை உண்டு. எந்த வகை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒன்று, டெஸ்க்டொப் மட்டும் மறைந்து திரும்ப வருவது. படங்களையும் கோப்புறைகளையும் கீழே உள்ள பட்டியையும் திரையில் காட்டுவது 'எக்ஸ்புளோரர்' என்ற ஒரு புரோகிராம். அது நின்றுவிட்டால் திரை வெறுமையாகும். விண்டோஸ் அதை மீண்டும் எழுப்பியதும் எல்லாம் திரும்பி வரும். வீட்டின் மின்சாரம் போகவில்லை, ஒரு விளக்குத்தான் அணைந்து எரிகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இரண்டு, திரை முழுவதும் நீலமாகி, ஆங்கிலத்தில் ஏதோ எழுதிக் காட்டி, கணனி தானாகவே மறுபடி தொடங்குவது. இது ஆழமான கோளாறு. அந்த எழுத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். திருத்துகிறவருக்கு அது பெரிய உதவி.

மூன்று, எந்த அறிவிப்பும் இல்லாமல் சட்டென்று அணைந்து போவது. இதற்குப் பெரும்பாலும் சூடு அல்லது மின்சாரமே காரணம்.

ஓர்ஸ் ஹில் சகோதரியின் கணனிக்கு வந்திருப்பது முதலாவது வகை. டெஸ்க்டொப் மறைந்து திரும்பி வராவிட்டால் பதற வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' என்ற பெட்டி திறக்கும். அதில் புதிய வேலை ஒன்றை இயக்கும் இடத்தில் எக்ஸ்புளோரர் என்று ஆங்கிலத்தில் தட்டினால் டெஸ்க்டொப் திரும்பி வரும்.

எக்ஸ்புளோரர் ஏன் விழுகிறது? ஒரு குறிப்பிட்ட கோப்புறையைத் திறக்கும்போது மட்டும் விழுகிறதா என்று கவனியுங்கள். உள்ளே சேதமான ஒரு வீடியோ இருந்தால், அதன் சிறு படத்தைக் காட்ட முயன்றே அது விழுந்துவிடும். அந்த வீடியோவை நீக்கினால் குணமாகும். அண்மையில் புதிதாக ஏற்றிய புரோகிராம்களையும் ஐயத்தோடு பாருங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக் கொண்டு 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் வரும் பக்கங்களின் வழியே 'சேஃப் மோட்' என்ற நிலைக்குப் போகலாம். அங்கே கணனி ஒழுங்காக இயங்கினால், பெரும்பாலும் குற்றம் இயந்திரத்தில் இல்லை. நாம் பின்னால் ஏற்றிய ஏதோ ஒன்றில் இருக்கிறது.

நாடி பார்க்கும் இடம்

மெதுவாக இயங்குவதற்கும் அதே டாஸ்க் மேனேஜரில் விடை இருக்கிறது. அதில் 'டிஸ்க்' என்ற இடத்தில் நீண்ட நேரம் 100 சதவீதம் நின்றால், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கினால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள். அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத 'எஸ்.எஸ்.டி.' ஒன்றைப் போட்டால், பத்து நிமிடத்தில் எழும் கணனி பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் எழும். புதிய கணனி வாங்கும் செலவில் இது சிறு பகுதிதான். 'மெமரி' என்ற இடம் எப்போதும் நிரம்பியிருந்தால் ரேம் போதவில்லை. 4 ஜிபி ரேமில் பல இணையப் பக்கங்களை ஒன்றாகத் திறந்து வைத்தால் திணறத்தான் செய்யும்.

செலவில்லாத வேலைகளும் உண்டு. கணனி எழும்போதே தாமும் எழுந்து உட்காரும் புரோகிராம்களின் பட்டியல் 'ஸ்டார்ட்அப்' என்ற பகுதியில் இருக்கும். தேவையற்றவற்றை நிறுத்துங்கள். இரண்டு வைரஸ் தடுப்புகள் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். ஒரே வாசலுக்கு இரண்டு காவலாளிகள் நின்றால் வருகிறவருக்குத்தான் தொல்லை. 'சி' டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது வெறுமையாக இருக்கட்டும்.

உப்புக் காற்றும் மின்வெட்டும்

துறைமுகத்தை ஒட்டிய ஊரில் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஈரம் இன்னும் கூடும். தூசியோடு ஈரமும் சேர்ந்து விசிறியில் படிந்தால் காற்று ஓடாது, சூடு ஏறும். சூடு ஏறியதும் கணனி தன்னைக் காத்துக் கொள்ள வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும். மடிக்கணனியை மெத்தையிலும் தலையணையிலும் வைத்து இயக்காதீர்கள். பூவேலை செய்த துணியால் மூடுவது அழகுதான். ஆனால் அணைத்து, சூடு ஆறிய பின் மூடுங்கள்.

மின்சாரமும் ஒரு காரணம். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரேயடியாக இருளில் மூழ்கியது. கணனி எதையாவது எழுதிக் கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், அந்தக் கோப்பு அரைகுறையாக நின்றுவிடும். அது விண்டோஸின் சொந்தக் கோப்பாக இருந்தால் தடுமாற்றம் அங்கிருந்தே தொடங்கும். மேசைக் கணனிக்கு ஒரு யூ.பி.எஸ். வைப்பது வீண்செலவல்ல.

இன்னொன்று. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் வழங்கிவந்த வழமையான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தன. அதற்காகக் கணனி மறுநாளே நின்றுவிடவில்லை. ஆனாலும் வங்கி வேலைகளை அதில் செய்கிறவர்கள், தங்கள் கணனி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று தெரிந்து கொள்வது அவசியம். பணம் செலவழிக்கும் முன் இதைக் கேளுங்கள்.

கடைக்குக் கொடுக்கும் முன்

இவ்வளவும் செய்தும் சரிவராவிட்டால் திருத்துகிறவரிடம் கொடுக்கத்தான் வேண்டும். இங்கேதான் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இருக்கிறது. நம் கணனிக்குள் கலியாண வீட்டுப் படங்கள் இருக்கும். வீட்டுக்குள் மட்டும் பார்க்க எடுத்த பெண்பிள்ளைகளின் படங்களும் இருக்கும். அவை நம்முடையவை மட்டுமல்ல. நம்மை நம்பி நம்மோடு நின்று படமெடுத்தவர்களின் அமானிதம். அதைக் காப்பது நம் கடமை.

பிரதி செய்த பின் அவற்றைக் கணனியிலிருந்து அழித்து, குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்குங்கள். வட்ஸ்அப், மின்னஞ்சல், முகநூல் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். அழித்ததையும் மீட்டெடுக்க வழிகள் உண்டு என்பதால், இயன்றால் வீட்டு ஆண் ஒருவர் கூட இருக்கத் திருத்தச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க்கை மாற்றினால் பழையதைக் கடையில் விட்டுவராமல் கையோடு வாங்கி வாருங்கள். கணனியைத் திறக்கவே முடியாத நிலை என்றால், அந்த டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக் கொண்டு மற்றப் பாகங்களைச் சோதிக்கக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். நேர்மையான தொழிலாளி இதற்காக மனம் வருந்த மாட்டார்.

ஆகவே அந்தச் சகோதரிக்கு என் பதில்: ஃபோமட் கடைசி மருந்து. முதலில் பிரதி செய்யுங்கள், பிறகு நாடி பாருங்கள், அதன் பிறகு செலவழியுங்கள். இந்த வரிசை மாறாதவரை இயந்திரம் பழுதானாலும் இழப்பு சிறிதே. இயந்திரத்தைப் பணம் கொடுத்து இன்னொன்று வாங்கலாம். பிள்ளையின் இரண்டு வருடக் குறிப்புகளையும் மறைந்துபோன உம்மும்மாவின் படத்தையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.