உப்புக் காற்றில் தேயும் உயிர்க்காப்பு

தீவகத்தில் மோட்டார் சைக்கிள் செல்வர் வீட்டு ஆடம்பரப் பொருளாக இருந்த காலம் மலையேறிவிட்டது. வேலணை வெங்காயம் சந்தைக்குப் போவதும் அதிலேதான். ஊர்காவற்றுறைக் கரையில் இறங்கிய மீன் பெட்டி யாழ்ப்பாணம் போய்ச் சேர்வதும் அதிலேதான். ஆசிரியரும் கிராம அலுவலரும் மருத்துவமாதும் விடியற்காலையில் புங்குடுதீவைக் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு விரைவதும் அதிலேதான். இத்தனை பேருடைய உழைப்பையும் உயிரையும் சுமந்து செல்லும் இந்த வாகனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்துவது எது? பெருவிரல் அகலமுள்ள இரண்டு சிறு கட்டைகள். பிறேக் பாட் என்று கடைகளில் கேட்டு வாங்கப்படும் தடுப்புக் கட்டைகளைத்தான் குறிப்பிடுகிறோம்.

அரசியல் ஏட்டில் பிறேக் கட்டைக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். குடிமகன் வீட்டிலிருந்து புறப்பட்டு உயிரோடு வீடு திரும்புவது அரசியலின் முதற் பாடம் என்பதே அவர்களுக்கு நமது விடை. அந்தப் பாடத்தில் அரசும் தவறியிருக்கிறது; நாமும் தவறிக்கொண்டிருக்கிறோம்.

தீவகத்தின் இயல்பை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தை விட்டுப் பண்ணைத் தாம்போதியில் ஏறியதும் வலத்திலும் இடத்திலும் கடல். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதியிலும் அதே காட்சி. சோளகம் வீசும் மாதங்களில் அலைத் திவலைகள் வீதியின்மேல் வந்து விழுகின்றன. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே மிதவைப் பாதையில் ஏறும் வண்டி உப்பு நீருக்கு ஒரு முழம் மேலே நின்றே கடலைக் கடக்கிறது. நெடுந்தீவுக்குப் படகில் ஏற்றப்படும் வண்டியோ வழி நெடுகக் கடல் நீரில் நனைகிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் பணிக்குச் செல்வோர் பலர், காலை முதல் மாலை வரை வண்டியை இறங்குதுறையின் அருகிலேயே நிறுத்திவிட்டுப் போகின்றனர். மாலையில் வந்து பார்த்தால், பளபளத்த பிறேக் தட்டின்மேல் மெல்லிய செந்துருப் படிந்திருக்கும். அந்தத் துரு, முதற் பிடியிலேயே அரம்போலக் கட்டையை அராவுகிறது.

“மலையுமில்லை, பள்ளமுமில்லை, மட்டமான தீவு வீதியில் பிறேக் எங்கே தேயப்போகிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. இந்த எண்ணமே நமது முதற் பகைவன். கண்டி வீதியில் வண்டி ஓட்டுபவன் ஒரு நாளில் நூறு முறை பிறேக்கைப் பிடிக்கிறான். ஆகவே அதன் வலிமை குன்றியதை அன்றே உணர்ந்துகொள்கிறான். தீவக வீதியில் ஓடுபவனோ பல கட்டை தூரம் பிறேக்கைத் தொடாமலே போய்விடுகிறான். கட்டாக்காலி மாடொன்று பற்றைக்குள்ளிருந்து பாயும் அந்த ஒரு கணத்தில்தான், தன் பிறேக் பல நாள்களுக்கு முன்பே செத்துவிட்டது என்பதை அவன் அறிகிறான். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து ஆவதென்ன?

தேய்வு என்பது ஒரே வகையானதன்று. நாள்பட ஓடியதால் கட்டை மெலிவது இயற்கையான தேய்வு. உப்பினால் வரும் கேடு வேறு. கட்டைகளைத் தாங்கும் கலிப்பர் என்னும் உறுப்பு, வழுக்கிச் செல்லும் ஊசிகளின்மேல் அமைந்தது. உப்பும் துருவும் அந்த ஊசிகளை இறுக்கிவிட்டால், ஒரு பக்கத்துக் கட்டை மட்டும் ஓயாமல் உரசித் தேயும்; மறு பக்கத்துக் கட்டை புதிதுபோலவே நிற்கும். வெளிப்புறத்தை மட்டும் குனிந்து பார்த்து “இன்னும் இருக்கிறது” என்று திருப்தி அடைபவர் ஏமாந்து போவது இதனால்தான். இன்னொரு கேடும் உண்டு. உராயும் பொருள் ஒட்டப்பட்டிருக்கும் இரும்புத் தகட்டில் துரு ஊறினால், அந்தத் துரு பருத்து, ஒட்டியிருந்த பொருளைத் தகட்டிலிருந்து பிரித்துத் தள்ளும். பாதிக்கட்டை தேயாமலிருந்தும் முழுக்கட்டை கழன்று விழும் விபரீதம் அப்படித்தான் நேர்கிறது. இவற்றோடு, நெடுந்தீவின் உள்வீதிகளில் எழும் சுண்ணக்கல் தூசியும் சேர்ந்து தட்டையும் கட்டையையும் ஒருங்கே அரைக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும். மாட்டைக் கண்டு கை பிறேக்கை நாடும் நேரத்துக்குள் அந்தத் தூரம் கழிந்துவிடுகிறது. அதன்பின், காய்ந்த வீதியில் நல்ல பிறேக்குள்ள வண்டி சுமார் 20 மீற்றரில் நிற்கும். பிறேக்கின் வலிமை பாதியானால் அதே வண்டி நிற்க 40 மீற்றர் வேண்டும். இடையிலுள்ள 20 மீற்றர்தான் வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலுள்ள தூரம். பின்னிருக்கையில் வெங்காய மூடை இருந்தால், அரைகுறைப் பிறேக்கின்மேல் விழும் பாரம் இன்னும் கூடுகிறது.

பெருநிலத்தில் விபத்து நேர்ந்தால் அரை மணி நேரத்தில் மருத்துவமனையை அடையலாம். நெடுந்தீவில் படுகாயமுற்றவனை யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனைக்குக் கொண்டு செல்லக் கடலைக் கடக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் காயம் காத்திருக்காது. பிறர்க்குச் சிறு விபத்தாக முடிவது நமக்குப் பெருந் துயராக முடிகிறது. ஆகவே பிறேக்கைப் பற்றிய கவலை, மற்றெவரையும்விடத் தீவகத்தானுக்கு இரு மடங்கு இருக்க வேண்டும்.

எந்தக் கட்டையை வாங்குவது? கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் மூவகை. நாரும் பிசினும் சேர்த்துச் செய்த மென்மையான கட்டை முதல்வகை. இது தட்டை அதிகம் அரிக்காது, ஓசையும் குறைவு, ஆயின் ஈரத்திலும் தூசியிலும் விரைவில் தேயும். உலோகத் துகள் கலந்த கட்டை இரண்டாம் வகை. இது வெப்பத்தை நன்கு தாங்கி நெடுநாள் உழைக்கும். உலோகப் பொடியைச் சூட்டில் இறுக்கிச் செய்த சின்டர் கட்டை மூன்றாம் வகை. நனைந்த நிலையிலும் இதன் பிடி தளராது. ஆனால் இதைத் தாங்குவதற்கென அமைக்கப்படாத தட்டை இது விரைவில் தின்றுவிடும். நம்மவர் ஓட்டும் 100 முதல் 150 சீசீ வரையான வண்டிகளுக்கு, வண்டியைச் செய்த கம்பனி எவ்வகையைக் குறித்திருக்கிறதோ அவ்வகையே சாலச் சிறந்தது. விலை உயர்ந்தது என்பதற்காகப் பந்தய வண்டிக்குரிய கட்டையை வாங்கிப் பூட்டுவதும் பேதைமையே.

தரமான கட்டைகள் பலவற்றின் முதுகில் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலெழுத்து சாதாரண நிலையில் உள்ள பிடியையும், இரண்டாமெழுத்து சூடேறிய நிலையில் உள்ள பிடியையும் குறிக்கும். எஃப் என்பது 0.35 முதல் 0.45 வரையான உராய்வெண். ஜி என்பது 0.45 முதல் 0.55 வரை, எச் என்பது அதற்கும் மேல். எழுத்துமில்லாமல், செய்தவர் பெயருமில்லாமல், வெறும் வர்ணப் பெட்டியில் வரும் கட்டையை நம்பி உயிரை ஒப்படைக்க வேண்டாம். தீவகத்தார் இன்னுமொன்றை நோக்க வேண்டும். முதுகுத் தகட்டில் வர்ணம் செவ்வனே பூசப்பட்டிருக்கிறதா? உராயும் பொருள் விளிம்பில் இடைவெளியின்றி ஒட்டியிருக்கிறதா? உப்புக்கு அஞ்சும் ஊரில் இவ்விரண்டும் விலையைவிட முக்கியமானவை.

விலையின் வலியை நாம் அறியாதவரல்லோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வண்டியைத் தட்டித் திருத்தி ஓட்டுவதன்றி ஏழைக்கு வேறு வழியிருக்கவில்லை. 2022இல் டொலரின் பெறுமதி சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியபோது உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. போலிச் சரக்குக்கு அதுவே பொற்காலம். கடன்பட்டு வெங்காயம் நட்ட விவசாயி மலிவானதை நாடினால் அவனைக் குறை கூற நம் நா எழாது. ஆயினும் மலிவுக் கட்டை தட்டையும் சேர்த்து அழித்துவிட்டால், கட்டையில் மிச்சம் பிடித்த பணத்தைப்போல் பல மடங்கை அடுத்த ஆண்டில் தட்டுக்குக் கொடுக்க நேரும் என்பதையும் அவன் எண்ண வேண்டும்.

போலிக் கட்டையில் என்ன கலந்திருக்கிறது என்பதை வாங்குபவரும் அறியார், விற்பவரும் அறியார். கல்நார் எனப்படும் அஸ்பெஸ்டஸ் ஒரு காலத்தில் பிறேக் கட்டைகளில் தாராளமாகச் சேர்க்கப்பட்டது. அதன் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருக்கிறது. கராஜில் வேலை பழகும் சிறுவன் பிறேக் தூசியை வாயால் ஊதித் துடைப்பதைக் கண்டால், அதைத் தடுப்பது பெரியோர் கடமை. ஈரத் துணியால் துடைப்பதற்குச் செலவேதுமில்லை.

இனி அரசை நோக்கிக் கேட்கிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். வாகனப் புகைப் பரிசோதனை 2008இல் ஆரம்பமானது. ஆண்டுதோறும் வரி அனுமதிப்பத்திரம் பெறுமுன் மோட்டார் சைக்கிள் புகைப் பரிசோதனைக்குப் போகிறது. வண்டி விடும் புகையை அளக்கும் அரசு, வண்டி நிற்குமா என்று கேட்பதில்லை. பேருந்துக்கும் லொறிக்கும் தகுதிச் சான்று கேட்கும் சட்டம், நாட்டில் மிகுதியாக ஓடும் மோட்டார் சைக்கிளை மறந்தது ஏன்? புகை பார்க்கும் அதே இடத்தில் கட்டையின் கனத்தையும் பார்த்துச் சொல்ல எத்தனை நிமிடம் வேண்டும்? தண்டம் விதிப்பதற்கென்றில்லை, எச்சரிப்பதற்காகவேனும் அதைச் செய்யலாமே!

நுகர்வோரைக் காக்க 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை அமைக்கப்பட்டிருக்கிறது. அதன் கண் கொழும்புக் கடைத்தெருவோடு நின்றுவிடலாகாது. தீவகத்துச் சிறு கடைகளையும் எட்ட வேண்டும். நமது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உரமும் மாவும் விற்கும் சங்கம், தீவகத்தில் பெருவாரியாக ஓடும் நான்கைந்து வகை வண்டிகளுக்கான நல்ல கட்டைகளை மொத்தமாக வாங்கி நியாய விலைக்குக் கொடுத்தால் போலிச் சரக்குக்கு இங்கே இடமேது? நெடுந்தீவான் ஒரு கட்டைக்காகக் கடல் கடந்து ஒரு நாட் கூலியை இழக்கும் நிலையும் ஒழியும். கட்டாக்காலி மாடுகளை அடக்குவது பிரதேச சபைகளின் பொறுப்பு என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

அரசு அசையும்வரை நாம் கைகட்டி நிற்கலாமா? கட்டையிலுள்ள தேய்வுக் கோடு மறையுமுன், அல்லது உராயும் பொருள் 2 மில்லிமீற்றருக்கு மெலியுமுன், இரு கட்டைகளையும் சேர்த்தே மாற்றுவோம். சோளகம் தொடங்குமுன்னும் மாரி தொடங்குமுன்னும் கலிப்பரைக் கழற்றி ஊசிகளைத் துடைத்து அதற்குரிய கிறீஸ் இடச் செய்வோம்; அந்தக் கிறீஸ் கட்டையின் முகத்தில் ஒரு துளியும் படலாகாது. பிறேக் எண்ணெய் குறைந்திருந்தால், மேலும் ஊற்றுமுன் கட்டையைப் பார்ப்போம். கட்டை தேயத் தேய எண்ணெய் தாழ்வது இயல்பு. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நன்று. பின்சில்லில் டிரம் பிறேக் உள்ளவர்கள், நெம்புகோலின் அம்புக்குறி எல்லைக் கோட்டை எட்டியதும் பிறேக் சூவை மாற்ற வேண்டும். புதுக் கட்டை பூட்டியபின் முதற் சில நாள்கள் மெதுவாகவே பிடித்துப் பழக்குவோம். அது தட்டோடு பொருந்தும் வரை முழுப் பிடி கிடையாது.

வண்டியைத் தினமும் கழுவு என்று நெடுந்தீவானுக்குச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. குடிக்கும் நீருக்கே குடத்தோடு காத்திருந்த ஊர் அது. ஆனால் கலிப்பரையும் தட்டையும் நனைக்க ஒரு செம்பு நன்னீர் போதும். கடல் கடந்து வந்த நாளில் அந்த ஒரு செம்பைச் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கயிற்றையும் முடிச்சையும் தடவிப் பார்ப்பது நமது முன்னோர் வழக்கம். கடலில் அவர்களைக் காத்தது அந்த வழக்கமே. வீதியில் நம்மைக் காக்கவும் அத்தகைய வழக்கமொன்று வேண்டும். வாரத்தில் ஒரு நாள் குனிந்து இரு பக்கத்துக் கட்டையையும் பார்ப்போம். நமக்காகப் பார்க்க அரசையும் வற்புறுத்துவோம். தீவகத்து வீடுகளில் மாலை விளக்கோடு வாசலைப் பார்த்திருக்கும் தாய்மாருக்கு நாம் செய்யக்கூடிய சிறிய கைம்மாறு அது.