காட்டு மனிதனின் வீடு

மலாய் மொழியில் 'ஓராங்' என்றால் மனிதன். 'ஊத்தான்' என்றால் காடு. போர்னியோ, சுமத்ரா தீவுகளில் மட்டும் வாழும் செந்நிற வாலில்லாக் குரங்குக்கு ஒராங்குட்டான் என்ற பெயர் வந்தது இவ்வாறே. மனிதன் என்று பெயரிட்ட பிராணியை மனிதனே இன்று வீடற்றதாக்கி வருகிறான்.

இதன் தாய் ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் குட்டி ஈனுகிறது. எந்தப் பழத்தை உண்ணலாம், இரவில் மரத்தின்மீது கூடு கட்டுவது எங்ஙனம் என்பனவற்றையெல்லாம் குட்டி தாயிடமே பல ஆண்டுகள் இருந்து கற்கிறது. குட்டியைப் பிடித்து விற்பதற்காகத் தாயைக் கொல்லும் பாதகரும் உளர். உபாத்தியாயத் தொழில் செய்யும் நமக்கு, தாய் ஒன்று மாண்டால் பள்ளிக்கூடம் ஒன்று மூடப்பட்டதாகவே தோன்றுகிறது.

1999 முதல் 2015 வரை போர்னியோவில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் மறைந்தன என்று விஞ்ஞானிகள் மதிப்பிட்டிருக்கின்றனர். சுமத்ராவின் பத்தாங் தோரு காட்டில் உள்ளவை தனி இனம் என்று 2017-ல் அறிவிக்கப்பட்டது. அவற்றின் தொகையோ 800-க்கும் குறைவு!

இந்தோனேஷியா 1945-ல் சுதந்திரப் பிரகடனம் செய்த தேசம். ஆயினும் சுஹார்த்தோ ஆட்சியில், நெல் விளைவிப்போம் என்று 1995-ல் திட்டமிட்டு, மத்திய காலிமந்தானில் சுமார் 10 லட்சம் ஹெக்டேர் சதுப்பு நிலத்தில் கால்வாய்கள் வெட்டத் தொடங்கினர். நீர் வடிந்தது, நெல் விளையவில்லை. மக்கிய தழை ஆழப் படிந்திருந்த அந்நிலம் காய்ந்து, 1997-ல் தீப்பற்றி எரிந்தது. அந்நியன் அழித்தால் கொள்ளை; நம்மவன் அழித்தால் அபிவிருத்தியோ? சுயராஜ்யம் பெற்ற எத்தேசமும் இக்கேள்வியைத் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நமக்கும் இதில் பங்குண்டு. காடழித்த இடங்கள் பலவற்றில் எண்ணெய்ப்பனை நிற்கிறது. உலகில் பாமாயிலை மிகுதியாக இறக்குமதி செய்யும் தேசம் நமது பாரதம். பலகாரக் கடையிலும் பிஸ்கோத்திலும் சவுக்காரத்திலும் அது கலந்திருக்கிறது.

அப்படியானால் அதை அடியோடு விலக்கிவிடலாமா? அதுவும் அவ்வளவு எளிதன்று. ஓர் ஏக்கர் எண்ணெய்ப்பனை தரும் எண்ணெயைக் கடலையிலும் எள்ளிலும் பெறப் பல ஏக்கர் வேண்டும். அதற்காக வேறொரு காடு விழக்கூடும். ஆதலின், புதிதாய்க் காடழிக்காமல் விளைந்த எண்ணெய்தானா என்று கேட்டு வாங்குவதும், வாங்கியதை வீணாக்காதிருப்பதுமே நாம் செய்யத்தக்கவை. வாங்குவோர் கேட்கத் தொடங்கினால், விற்போர் விடை சொல்லியே தீர வேண்டும்.

குடும்பத் தலைவிகளே, அந்தக் கேள்வி உங்கள் அடுப்பங்கரையிலிருந்து புறப்படட்டும்.