கம்பளி குளிர்நாட்டுக்கு மட்டுமா?

 

இம்மாதத் தலைப்பைப் பார்த்ததும் உங்களில் சிலர் சிரித்திருப்பீர்கள். "கச்சான் காற்றில் மணல் கொதிக்கும் மாங்கேணியில் கம்பளிச் சட்டையா? நுவரெலியாக்காரருக்குச் சொல்ல வேண்டியதை நமக்குச் சொல்கிறாரே!" என்று நினைத்திருப்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 2022 டிசம்பரில் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வங்காள விரிகுடாவில் 'மண்டூஸ்' புயல் கடந்து சென்ற அந்த நாட்களில், வடக்கிலும் நம் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஒருசில தினங்களுக்குள் செத்து விழுந்தன. நோய் பரவிவிட்டதோ என்று எல்லோரும் பயந்தார்கள். குளிர்தான் காரணம் என்று கால்நடை வைத்தியர்கள் கூறினார்கள். பனி பெய்யவில்லை, தண்ணீர் உறையவுமில்லை. விடாத மழையில் நனைந்த உடம்பின் மீது விடாத காற்று அடித்தது, அவ்வளவுதான்!

தோலும் ரோமமும் கொண்டு படைக்கப்பட்ட மாட்டுக்கே அந்தக் கதி என்றால், ஒரு மெல்லிய சேர்ட்டோடு சைக்கிள் மிதிக்கும் மனிதனின் நிலை என்ன?

நனைந்த உடம்பும் எதிர்க்காற்றும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் கரையோரப் பாதையில் வாழைச்சேனையைத் தாண்டினால் காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று ஊர்கள் வரிசையாக வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வெட்டவெளி. மாரி காலத்தில் வாடைக்காற்றைத் தடுக்க அங்கே ஒன்றுமில்லை. அந்தப் பாதையில் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு சைக்கிள்கள் கிளம்பிவிடும். மீன்பெட்டி கட்டியவர், பாண்பெட்டி கட்டியவர், கூலி வேலைக்குப் போகிறவர், மத்ரஸாவுக்குப் போகும் பிள்ளை, பாடசாலைக்குப் போகும் பிள்ளை. இவர்களில் எத்தனை பேர் மழைக்கு என்ன உடுத்துகிறார்கள்? ஒரு பொலித்தீன் உறையைத் தலைவழியாகப் போட்டுக்கொள்கிறார்கள். வெளியே மழைநீர், உள்ளே வியர்வை. வீடு போய்ச் சேரும்போது இரண்டாலும் நனைந்திருக்கிறார்கள்.

சைக்கிள் ஓட்டம் ஒரு விசித்திரமான வேலை. மிதிக்கும்போது உடம்பு சூடாகி வியர்க்கிறது. அதே நேரத்தில் நாமே நமக்கு எதிராக ஒரு காற்றையும் உண்டாக்கிக்கொள்கிறோம். நடப்பவருக்கு இல்லாத இந்தக் காற்று, ஈரத்தை உறிஞ்சி ஆவியாக்கி உடம்பின் சூட்டைக் களவாடிக்கொண்டே இருக்கும். மேலும், அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆகவே தோலோடு ஒட்டிய ஈரத்துணி உடுப்பே இல்லாததற்குச் சமம். சில வேளை அதைவிடவும் மோசம்.

நனைந்தால் காய்ச்சல் வரும் என்று நம் உம்மாமார் சொல்வார்கள். காய்ச்சலைக் கொண்டுவருவது கிருமிதான். ஆனாலும் உம்மாவின் கவலை வீணானதல்ல. நடுங்கும் உடம்பு களைத்துப் போகும். விறைத்த விரல் பிறேக்கை நேரத்துக்குப் பிடிக்காது. பின்னால் லொறி வரும் பாதையில் அது சின்ன விடயமா?

ஆட்டின் ரோமத்தில் அல்லாஹ் வைத்த அற்புதம்

துணிகளுக்குள்ளே கம்பளிக்கு ஒரு தனிக்குணம் உண்டு. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தால் கம்பளி நூல் தன் எடையில் சுமார் 16 வீதம் நீராவியை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். பருத்தி வாங்குவது சுமார் 8 வீதம். பொலியெஸ்டர் 1 வீதம்கூட வாங்காது. கம்பளி தன் எடையில் மூன்றிலொரு பங்குவரை ஈரத்தைக் குடித்த பிறகும் கைக்கு நனைந்தது போலத் தெரியாது. நீராவியை உள்வாங்கும்போது சிறிதளவு சூட்டையும் அது வெளிவிடுகிறது. நூலின் உள்பக்கம் ஈரத்தை விரும்புகிறது. மேற்பக்கமோ செதில்களாலும் மெல்லிய கொழுப்பாலும் மூடப்பட்டு, தூறல் துளிகளை உருட்டி விடுகிறது.

இன்னொன்று, அதன் சுருள். ஆட்டு ரோமம் நேராக நிற்பதில்லை, நெளிந்து நெளிந்து வளர்கிறது. அந்த நெளிவுகளுக்கிடையே காற்று அடைபட்டுக் கிடக்கும். நம்மைக் குளிரிலிருந்து காப்பது அந்தக் காற்றுதான். பருத்தி பெனியன் நனைந்தால் சப்பென்று தோலில் ஒட்டி, இருந்த காற்றையும் வெளியேற்றிவிடும். கம்பளி நனைந்தாலும் பெருமளவு நெளிவோடு நிற்பதால் கொஞ்சம் சூட்டையாவது தக்கவைக்கும்.

இதை ஐரோப்பாவின் சைக்கிள் வீரர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். பிரான்சு நாட்டைச் சுற்றி நடக்கும் பெரிய சைக்கிள் போட்டியில் முன்னணியில் இருப்பவருக்கு 1919 முதல் மஞ்சள் சட்டை அணிவிக்கிறார்கள். ஆரம்பத்தில் அது கம்பளிச் சட்டை. 1940களின் பிற்பகுதியில் செயற்கை நூல் கலந்த சட்டையைக் கொடுத்தபோது லூயிசன் பொபே என்ற வீரர் அதை அணிய மறுத்துவிட்டார். வியர்த்துக் களைத்த உடம்புக்குத் தூய கம்பளிதான் சுகாதாரம் என்பது அவருடைய பிடிவாதம். வேறு வழியின்றி இரவோடிரவாகக் கம்பளிச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அவர் பின்னர் 1953, 1954, 1955 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து அந்தப் போட்டியில் வென்றவர்.

"கம்பளி குத்துமே, சொறியுமே!" என்பீர்கள். குத்துவது ரோமத்தின் தடிப்பு. 30 மைக்ரோனுக்கு மேற்பட்ட முரட்டு ரோமம் தோலைக் குத்தும். 'மெரினோ' செம்மறியின் ரோமம் அதைவிட மெல்லியது, அதனால் தோலோடு அணியலாம். மொறோக்கோவை ஆண்ட மரீனியர் என்ற முஸ்லிம் அரச மரபின் பெயரிலிருந்தே மெரினோ என்ற சொல் வந்தது என்பது அறிஞர்களிடையே உள்ள கருத்துகளில் ஒன்று.

கம்பளியும் நம் மார்க்கமும்

திருக்குர்ஆனில் சூரத்துந் நஹ்லின் 80ஆம் வசனம், கால்நடைகளின் ரோமத்திலிருந்து நமக்குக் கிடைக்கும் வீட்டுப் பொருட்களை அல்லாஹ்வின் அருட்கொடையாக நினைவூட்டுகிறது. அடுத்த வசனமோ வெப்பத்திலிருந்து காக்கும் ஆடையைப் பற்றிப் பேசுகிறது. நபி (ஸல்) அவர்கள் பயணமொன்றில் கை இறுகிய கம்பளி ஜுப்பா அணிந்திருந்ததையும், வுளூச் செய்யும்போது கைமடிப்பு ஏறாததால் உள்பக்கமாகக் கைகளை வெளியே எடுத்ததையும் முகீரா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஸூபி என்ற சொல்லே 'ஸூப்' எனும் கம்பளியிலிருந்து வந்தது என்பது பலருடைய விளக்கம்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஜும்ஆக் குளிப்பைப் பற்றி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தந்த விளக்கம் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அன்றைய மக்கள் ஏழைகள். கம்பளி உடுத்தி முதுகில் சுமை சுமந்தார்கள். பள்ளிவாசலோ சிறியது, கூரை தாழ்ந்தது. வெயில் கடுமையான ஒரு நாளில் கம்பளிக்குள் வியர்த்து, ஒருவருடைய வாடை மற்றவருக்குத் தொல்லையாகிவிட்டது. அதனால்தான் குளித்து, இருப்பதில் நல்ல எண்ணெயும் நறுமணமும் பூசி வருமாறு நபியவர்கள் பணித்தார்கள். பின்பு வசதி வந்தது, மக்கள் வேறு துணிகளையும் உடுத்தினார்கள்.

இதில் நமக்குப் பெரிய பாடம் இருக்கிறது. தடித்த கம்பளி கோடைக்கு ஆகாது. கச்சான் வீசும் மாதங்களில் பருத்திக்கு நிகர் பருத்திதான். மருதமுனைக் கைத்தறிச் சாரத்தைவிட நம் வெயிலுக்கேற்ற உடுப்பு எது? தளர்ச்சியும் முக்கியம். பாலைவனத்து பதவீ மக்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் 1980இல் 'நேச்சர்' இதழில் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். கறுப்பு அங்கி வெள்ளையைவிட அதிக வெயிலை உறிஞ்சுகிறது. ஆனால் அங்கி தளர்வாக இருப்பதால் அந்த அதிகச் சூடு தோலுக்கு வந்து சேருமுன்பே உள்ளே ஓடும் காற்றோடு போய்விடுகிறது. அபாயா அணியும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். நிறத்தைவிடத் தளர்ச்சியும் காற்றோட்டமும் பெரிது.

ஆக, ஒரே உடுப்பை ஆண்டு முழுவதும் போடுவதல்ல புத்தி. காற்று மாறும்போது உடுப்பும் மாற வேண்டும். வாடைக்குக் கம்பளி, கச்சானுக்குப் பருத்தி.

உங்கள் வீட்டுக் கம்பளி கம்பளிதானா?

சவூதியிலும் கட்டாரிலும் குவைத்திலும் உழைக்கும் நம் பிள்ளைகள் ஊர் வரும்போது பூப்போட்ட தடித்த போர்வை ஒன்று கட்டாயம் வரும். அதைக் 'கம்பளி' என்றே சொல்கிறோம். உண்மையில் அவற்றில் பெரும்பாலானவை அக்ரிலிக் அல்லது பொலியெஸ்டர். போர்த்துப் படுக்க நல்லவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அடுப்பருகே அவற்றைக் கொண்டுபோகாதீர்கள். தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கம்பளி எளிதில் பற்றாது, உருகவும் செய்யாது.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. துணியிலிருந்து ஒரேயொரு நூலை உருவி, குறட்டால் பிடித்து, ஒரு பீங்கானின் மேலே நெருப்புக் காட்டுங்கள். பெரியவர்கள் மட்டுமே செய்ய வேண்டும். தலைமயிர் கருகும் நாற்றம் வந்து, நெருப்பை எடுத்ததும் தானே அணைந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பல் மிஞ்சினால் அது கம்பளி. உருகி, ஆறியதும் கடினமான மணியாக இறுகினால் செயற்கை நூல். கடதாசி எரியும் மணம் வந்தால் பருத்தி.

புதிதாக வாங்க வசதியில்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். வெளிநாடுகளிலிருந்து வரும் பாவித்த உடுப்புக் குவியல்களில் நல்ல கம்பளிகள் அகப்படுகின்றன. நுவரெலியாவின் பேல் பஸாருக்குப் போகிறவர்களிடமும் சொல்லி வைக்கலாம். கழுத்துப் பட்டியிலுள்ள சீட்டைப் படியுங்கள். 'வூல்', 'மெரினோ' என்ற சொற்களும், 1964இல் அறிமுகமான நூல்கண்டுச் சின்னமும் உங்களுக்கு அடையாளம். பெரிய, தடித்த ஜேர்சி வேண்டாம். உடம்போடு அணையும் மெல்லியதே நமக்கு வேண்டும். தோலோடு அதை அணிந்து, மேலே வழக்கமான சேர்ட், மழையானால் அதன்மேல் பொத்தான் திறந்துவிடக்கூடிய மழைக்கோட்டு. இதுவே சைக்கிள்காரருக்குப் போதும். கம்பளி ஈரத்தைப் பிடித்து வைப்பதோடு வியர்வை வாடையையும் அடக்கும் குணமுள்ளது. காற்றில் விரித்து எடுத்தால் மறுநாளும் உடுத்தலாம். உடுப்புக் காயாத மாரியில் கழுவும் தாய்க்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஓர் எச்சரிக்கை: சாரமோ அபாயாவோ எதுவானாலும் விளிம்பைச் சங்கிலியில் சிக்காமல் கட்டிக்கொள்ளுங்கள். சங்கிலி மூடி இல்லாத சைக்கிளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். விடியற்காலை மங்கலில் மேலாடை வெளிர்நிறமாக இருக்கட்டும்.

கழுவுவதும் காப்பதும்

கம்பளியைக் கெடுப்பவை மூன்று: சுடுநீர், அடித்துத் துவைத்தல், முறுக்கிப் பிழிதல். நூலின் செதில்கள் ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டு, வாப்பாவின் சட்டை மகனுக்குப் பொருந்தும் அளவுக்குச் சுருங்கிவிடும்! பச்சைத் தண்ணீரில் மென்மையான சவர்க்காரமோ குழந்தைகளின் ஷாம்புவோ கலந்து, சிறிது நேரம் ஊறவைத்து, மெல்ல அமுக்கி எடுங்கள். ஒரு துவாயில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் நீர் வடியும். கொடியில் தொங்கவிடாமல் நிழலில் பாயின்மேல் விரித்துக் காயவையுங்கள்.

கோடைக்கு எடுத்து வைக்கும்போது நன்றாகக் கழுவி, ஈரமே இல்லாமல் காயவைத்து, காற்றுப் புகாத பையில் கட்டி வையுங்கள். வியர்வையும் உணவுக் கறையும் உள்ள கம்பளியைத்தான் பூச்சி முதலில் தேடி வரும். அலுமாரியில் பூச்சி உருண்டை போடும் வழக்கமுள்ளவர்கள் கவனிக்க வேண்டும். நப்தலீன் உருண்டை இனிப்பென்று பிள்ளை விழுங்கினால் பேராபத்து. பிறவியிலேயே சில நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அதன் வாடை ஏறிய துணியைச் சுற்றினாலே இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துவிடக்கூடும். பச்சிளங் குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

அன்புச் சகோதரிகளே! பெருநாளைக்கு உடுப்பு எடுக்கும்போது நாம் நிறத்தையும் கரையையும் ஊர் என்ன சொல்லும் என்பதையும் பார்க்கிறோம். வீட்டுக்கு உழைக்கும் மனிதர் மழையில் என்ன உடுத்திப் போகிறார் என்று பார்க்கிறோமா? உடம்புக்கும் நம்மீது உரிமை இருக்கிறது என்று கற்றுத் தந்தது நம் மார்க்கம். அலங்காரத்துக்கு எடுக்கும் மூன்று உடுப்பில் ஒன்றைக் குறைத்து, மாரிக்கென்று ஒரு மெல்லிய கம்பளி உள்சட்டையை வாங்கி வைத்தால் அது வீண்விரயமாகாது. மீன்பெட்டியோடு வாடைக்காற்றை எதிர்த்துப் போகிறவரின் நெஞ்சுக்கு அது ஒரு காவல். வரும் ஐப்பசிக்கு முன்பே இதைச் செய்து வையுங்கள். மழை தொடங்கிய பிறகு தேடினால் கிடைக்காது.

அல்லாஹ் நம் வீட்டாரைப் பாதையிலும் காற்றிலும் மழையிலும் காப்பானாக! மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.